பட்டனைத் தட்டினால் மாறுவது நம்பர் மட்டுமா? சித்தேரி சொல்லும் டேட்டா பாடம்

போனில் ஒரு டேஷ்போர்டைத் திறக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் பிறக்கின்றன என்று காட்டும் சார்ட். ‘தரவு மூலம்’ என்ற இடத்தில் தேசிய குடும்ப நல ஆய்வைத் தேர்ந்தெடுத்தால், 2015-16இல் 954, 2019-21இல் 878. அடேயப்பா, இவ்வளவு சரிவா? மாதிரிப் பதிவுத் திட்டத்துக்கு மாற்றினால், 2018-20க்கு 917.

ஒரே மாநிலம், கிட்டத்தட்ட ஒரே காலம். அப்போ எது பொய்?

எதுவுமே பொய் இல்லை. எண்ணும் முறைதான் வேறு. சிக்கல் என்னவென்றால், பல சார்ட்கள் இதைச் சொல்வதே இல்லை. சாதனை பேச வேண்டியவர் ஒரு நம்பரை எடுத்துக்கொள்கிறார், குறை சொல்ல வேண்டியவர் இன்னொன்றை. இரண்டு ஸ்க்ரீன்ஷாட்டும் வாட்ஸ்அப்பில் ஓடுகின்றன.

தருமபுரி ஏன் முக்கியம்?

பெண் சிசுக்கொலைக்காக ஒரு காலத்தில் நாடு முழுக்கப் பேசப்பட்ட மாவட்டம் தருமபுரி. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் இங்கும் வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 6 வயதுக்கு உட்பட்டோரில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 2001இல் 826 பெண் குழந்தைகளே இருந்தனர். 2011இல் அது 913.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மேலே பார்த்த 878, 917 இரண்டும் ‘பிறப்பு’ விகிதம். 826, 913 இரண்டும் ‘உயிரோடு இருக்கும் குழந்தைகள்’ விகிதம். கருவிலேயே கலைப்பது பிறப்பு விகிதத்தில் தெரியும். பிறந்த பிறகு கொல்வதோ கவனிக்காமல் சாகவிடுவதோ அதில் தெரியாது. அதைப் பிடிப்பது கணக்கெடுப்புதான். ஆக, பட்டனைத் தட்டும்போது விடை மட்டும் மாறவில்லை, கேள்வியே மாறிவிடுகிறது. 2011இன் 913ஐயும் 2019-21இன் 878ஐயும் ஒரே கோட்டில் இணைத்து ‘சரிவு’ என்று காட்டினால், அது தப்பான சார்ட்.

சித்தேரி எங்கே?

அரூர் பக்கம் மலைமேல் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் கொண்டது சித்தேரி. மலையாளி பழங்குடியினர் வாழும் பகுதி. இந்த ஊரை அந்த சார்ட்டில் தேடிப் பாருங்கள்.

மாதிரிப் பதிவுத் திட்டம் மாநில அளவோடு நின்றுவிடும். குடும்ப நல ஆய்வு மாவட்டம் வரை வரும். ஆனால் ஐந்தாவது ஆய்வில் 707 மாவட்டங்களுக்குச் சேர்த்து சுமார் 6.37 லட்சம் வீடுகள்தான். சராசரியாக மாவட்டத்துக்கு 900 வீடு. அத்தனை வீடுகளில் ஐந்து வருடத்தில் பிறந்த குழந்தைகள் சில நூறு பேர்தான் இருப்பார்கள். பத்துப் பதினைந்து குழந்தைகள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனாலே விகிதம் ஆடிப்போகும்.

சரி, பிறப்புப் பதிவு? அதில் ஒவ்வொரு பிறப்பும் வர வேண்டும். ஆனால் சட்டப்படி குழந்தை எங்கே பிறந்ததோ, அங்கேதான் பதிவு. சித்தேரிப் பெண் அரூரில் பிரசவித்தால் கணக்கு அரூருக்கு. சேலத்துக்கு அனுப்பினால், மாவட்டமே மாறிவிடும். தாயின் ஊர் வாரியாகப் பிரிக்காத சார்ட்டில், ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு பிறப்பு கூடும், மலைக்குக் குறையும்.

கிராமம் வரை இறங்கி, ஒவ்வொரு வீட்டையும் எண்ணுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டுமே. கடைசியாக நடந்தது 2011இல். அடுத்ததன் கணக்கு நாள் 2027 மார்ச் 1. நடுவில் 16 வருட இடைவெளி. அன்று பிறந்த குழந்தை இப்போது பத்தாம் வகுப்பு.

என்ன செய்யலாம்?

மூலத்தை மாற்றும் வசதி நல்லதுதான். ஒரே நம்பரைக் காட்டி மற்றதை மறைப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் மூலம் மாறும்போது தலைப்பும் மாற வேண்டும்: பிறப்பா, 6 வயது வரையா? முழுக் கணக்கா, மாதிரியா? பிறந்த இடமா, தாயின் ஊரா? 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்ததுபோல எல்லை மாறியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மூலம் மாறும் இடத்தில் கோடு அறுந்தே நிற்கட்டும். தரவு இல்லாத ஊருக்கு மாவட்டச் சராசரியின் நிறத்தைப் பூசாமல், வெறுமையாகவே விட வேண்டும்.

ஏனென்றால் சுகாதாரப் பணியாளரையும் பணத்தையும் எங்கே அனுப்புவது என்று இந்த மேப்களைப் பார்த்தும் முடிவாகிறது. சித்தேரி பச்சை நிறத்தில் தெரிந்தால், அங்கே யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.