பெயரை மறைத்துப் பெயர் எடுத்தவர்!

"எனக்குத் திறமை இருக்கிறது. ஆனால் என்னை யாருக்கும் தெரியவில்லையே!"

"டேட்டா சயன்ஸ்" படித்த இளைஞர்கள் பலர் இப்படிக் கவலைப்படுகிறார்கள். (குவிந்து கிடக்கும் புள்ளிவிவரங்களைக் கணக்குப் போட்டு, நடக்கப்போவதைச் சொல்லும் படிப்பு இது.)

கவலை தீர என்ன செய்கிறார்கள்? பட்டங்களை வரிசையாக எழுதுகிறார்கள். அழகான படம் போடுகிறார்கள். "நிபுணர்" என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டுகிறார்கள். செய்த வேலையை மட்டும் காட்டுவது இல்லை!

கடைக்குப் பெயர்ப்பலகை வேண்டியதுதான். உள்ளே சரக்கு வேண்டாமா?

மிளகாய்ப் பெயர்

அமெரிக்காவின் நேட் சில்வர், 2000-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டம் பெற்றவர். தணிக்கை கம்பெனி ஒன்றில் வேலை. சம்பளம் வந்தது, மனம் ஒட்டவில்லை.

பேஸ்பால் ஆட்டக்காரர்கள் அடுத்த ஆண்டு எப்படி ஆடுவார்கள் என்று சொல்ல ஒரு கணக்கு முறையை உண்டாக்கினார். பிறகு அரசியல் பக்கம் திரும்பினார். 2008-ல் "ஃபைவ்தர்ட்டிஎய்ட்" என்ற இணையதளத்தைத் தொடங்கினார்.

அப்போது அவர் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. "பொப்லானோ" என்ற புனைபெயரில் எழுதினார். அது ஒரு மிளகாயின் பெயர்!

பட்டம் இல்லை, படம் இல்லை. கணக்கு மட்டுமே. அதையும் தேர்தலுக்கு முன்பே வெளியிட்டார். தவறினால் ஊரே சிரிக்கும்!

கணக்கு பலித்தது. "யார் இவர்?" என்று எல்லோரும் கேட்டார்கள். மே மாதக் கடைசியில்தான் தன் பெயரைச் சொன்னார். நவம்பரில் ஜனாதிபதி தேர்தல் வந்தது. 50 மாநிலங்களில் 49-ன் முடிவு அவர் சொன்னபடியே அமைந்தது.

எல்லோரும் தேர்தல் கணக்கு போட வேண்டியது இல்லை. ஊரின் மழைக் கணக்கைப் போடலாம். பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று பார்க்கலாம். தேதி போட்டு, நாலு பேர் பார்க்க வெளியிட வேண்டும். அதுதான் முக்கியம்.

29 பங்கு

2016 தேர்தலில் டிரம்ப் ஜெயிக்க 100-க்கு 29 பங்கு வாய்ப்பு என்றார், சில்வர். டிரம்ப் ஜெயித்தார். சில்வரைப் பலரும் ஏசினார்கள். இது நியாயமா? வேறு சிலர் டிரம்புக்கு 2 பங்குகூடக் கொடுக்கவில்லையே!

போட்ட கணக்கு எல்லோர் கண்ணிலும் இருந்ததால், அவரால் பதில் சொல்ல முடிந்தது.

இணையதளம் பெரிய கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. 2023-ல் சில்வர் வெளியேறினார். புகழ்பெற்ற அந்தப் பெயர் கம்பெனியிடமே தங்கிவிட்டது. கணக்கு முறை அவரோடு வந்தது. 2024 தேர்தலுக்கு அதை வைத்தே தனியாகக் கணக்குப் போட்டார்.

2025 மார்ச்சில், கம்பெனி அந்த இணையதளத்தை மூடிவிட்டது.