கமாவுக்குத் தூக்கம் கெட்டது, புள்ளி தப்பிவிட்டது!

சென்ற வாரம் ஒரு நாள் காலை. குக்கர் மூன்றாவது விசில் கொடுக்கும் நேரம் பார்த்து எதிர் வீட்டுப் பெண் ஓடி வந்தாள். பட்டம் வாங்கியவள், கைக்குழந்தைக்காக வேலையை விட்டவள். ஆங்கிலப் பிரதிகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்ய என்னிடம் பழகுகிறாள். கையில், தாய்மார்களுக்காக அச்சாகப் போகும் ஓர் ஆங்கிலக் கையேட்டின் புரூஃப்.

"அக்கா, நன்றி சொல்ற பக்கத்துல ஒரு கமா. போடணுமா, வேண்டாமா? ராத்திரி பூரா தூக்கமே இல்லை!"

சிரிக்காதீர்கள், சகோதரிகளே! இந்தத் தொழிலில் இது நிஜமான தலைவலி. வாக்கியத்தைப் பாருங்கள்: "ஐ தேங்க் மை மதர், எ டாக்டர் அண்ட் எ நர்ஸ்." எழுதியவர் நன்றி சொல்வது மூன்று பேருக்கு. படிப்பவருக்கோ, அம்மாவே டாக்டராகவும் நர்ஸாகவும் இருந்ததுபோல் படும். 'அண்ட்'டுக்கு முன் ஒரு கமா போட்டால்? அப்போதும் அம்மா டாக்டராகவே இருக்க இடமுண்டு. நர்ஸ் மட்டும்தான் தனியாகிறார்! தமிழில் இந்தத் தொல்லை இல்லை. அம்மாவுக்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் என்று ஆளுக்கொரு 'உம்' போட்டுவிடுகிறோம்.

அந்தக் கடைசிக் கமாவுக்கு 'ஆக்ஸ்ஃபோர்டு கமா' என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் போடும். சிகாகோ கையேடும் போடச் சொல்கிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் பின்பற்றும் ஏ.பி. விதியோ, எளிய பட்டியலில் வேண்டாம் என்கிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இந்தக் கமா கோர்ட் வரைக்கும் போயிற்று. எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கூலி கிடையாது என்று அங்கே ஒரு சட்டம் பட்டியல் போட்டிருந்தது. அதன் கடைசியில், அனுப்புவதற்கு 'அல்லது' வினியோகிப்பதற்குப் பொட்டலம் கட்டுதல் என்று இருந்தது. 'அல்லது'க்கு முன் கமா இல்லை. "நாங்கள் வினியோகிக்கிறோமே தவிர, பொட்டலம் கட்டவில்லையே!" என்று ஒரு பால் கம்பெனியின் லாரி டிரைவர்கள் வழக்குப் போட்டார்கள். சட்ட வாசகம் தெளிவாக இல்லை என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018-ல் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், கடைசிக் கமாவைத் தவிர்க்கும்படி சொன்னதே அந்த மாநிலத்தின் சட்டம் எழுதும் கையேடுதான்!

ஆகவே, விதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் மட்டும் போதாது. கமா போட்டாலும் குழப்பம், போடாவிட்டாலும் குழப்பம் என்றால் வாக்கியத்தையே மாற்றிவிடுங்கள். டாக்டரையும் நர்ஸையும் முன்னே நிறுத்தி, அம்மாவைக் கடைசியில் வைத்தோம். இரண்டே நிமிஷம்!

அவள் முகம் மலர்ந்தது. நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் பக்கத்தில் பகீரென்றது. அரை மில்லிக்கு '.5 மில்லி' என்று இருந்தது. கமா கமாவாகத் தேடியவள் இதைக் கவனிக்கவே இல்லை.

"இது சரிதானே அக்கா?"

"கணக்குப்படி சரிதான். அச்சில் அந்தப் புள்ளி மங்கிப் போனால்?"

அவள் இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அரை மில்லி ஐந்து மில்லியாகிவிடும். பத்து மடங்கு மருந்து!

வீட்டில் நாமும் மருந்தளவு எழுதி வைக்கிறோம் அல்லவா? இந்த மூன்றையும் மனதில் வையுங்கள்:

* புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம்: .5 அல்ல, 0.5.
* முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் வேண்டாம். 1.0 என்பது 10 ஆகத் தெரியலாம். 1 என்றே எழுதுங்கள்.
* இன்சுலினுக்கு 'யூ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போடாதீர்கள். அது பூஜ்யம்போல் தெரிந்து, 10 என்பது 100 ஆகிவிடும். 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள்.

அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன், இந்த மூன்று தவறான வழக்கங்களையும் 2004-லேயே விலக்கச் சொல்லிப் பட்டியலிட்டது.

இந்த வேலையைப் பழக நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: புரூஃப் கைக்கு வந்ததும் முதலில் எண்களைப் பாருங்கள், கமாவுக்கு அப்புறம் வரலாம். எதிர் வீட்டுப் பெண் இப்போது அப்படித்தான் செய்கிறாள். ராத்திரி தூங்கவும் தூங்குகிறாளாம்!