ஊர் ஊராகப் போகும் பள்ளிக்கூடம்

ஹிரோஷிமாவின் ஷுக்கெயென் தோட்டத்தில் வயதான ஜிங்கோ மரம் ஒன்று நிற்கிறது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை. ஊர் எரிந்து சாம்பலானது. மரம் பிழைத்துத் துளிர்த்தது. அப்படித் தப்பிய மரங்கள் அந்த நகரில் நூற்றுக்கும் மேல் உண்டு. அவற்றில் பலவும் குண்டு வெடித்த திசையைப் பார்த்தே சாய்ந்திருக்கின்றன. வெப்பம் தாக்கிய பக்கம் வளர்ச்சி குன்றிப்போக, மறுபக்கம் மட்டும் தடித்து வளர்ந்ததால் வந்த சாய்வு இது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கையில் திசைகாட்டியும் வரைபடமும் இருந்தால் போதும்: பதினாறு வயது மாணவி ஒருத்தி மரம் மரமாகப் போய்ச் சாய்வைக் குறித்துக்கொண்டு, குண்டு எங்கே வெடித்தது என்பதை ஏறக்குறையத் தானே கண்டுபிடித்துவிடலாம். இதை இயற்பியல் ஆசிரியர் நடத்துவதா, தாவரவியல் ஆசிரியர் நடத்துவதா, வரலாற்று ஆசிரியர் நடத்துவதா?

பாடம் இப்படி ஊரிலேயே கிடக்கிறது, எடுத்துக்கொள்ள மாணவர்கள்தான் போக வேண்டும் என்ற நம்பிக்கையில் 2010-ல் பிறந்தது 'திங்க் குளோபல் ஸ்கூல்'. தொடங்கியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஜோஆன் மெக்பைக். பள்ளிக்கென்று சொந்த வளாகம் கிடையாது. முதல் பருவம் ஸ்டாக்ஹோமில் நடந்தது. பிறகு நாடு விட்டு நாடு. ஹிரோஷிமாவும் அதன் பாதையில் வந்த ஊர்தான். இந்தியாவுக்கும் வந்து போயிருக்கிறார்கள்.

ஆரம்ப ஆண்டுகளில் இந்தப் பள்ளி நடத்தியது பல நாட்டுப் பள்ளிகளில் உள்ள வழக்கமான ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பாடத்திட்டத்தை. ஆண்டுக்கு மூன்று நாடுகள், கூடவே எல்லா ஐ.பி. மாணவர்களுக்கும் உள்ள அதே தேர்வுகள். 2017-ல் அதைக் கைவிட்டு, மாணவர்கள் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அந்தந்த ஊரிலேயே வேலை செய்து விடை தேடும் செயல்திட்ட முறைக்கு மாறியது. ஒரு நாட்டில் ஏழெட்டு வாரம், மூன்று ஆண்டுகளில் சுமார் பத்து நாடுகள். சரியான முடிவு. தேர்வுக்காகப் படிக்கும் பிள்ளைக்கு ஏதென்ஸும் ஒன்றுதான், எந்த ஊரும் ஒன்றுதான். புத்தகத்தைத் திறந்ததும் ஊர் மறைந்துவிடும். அதற்கு விமானச் செலவு எதற்கு?

போட்ஸ்வானாவும் இவர்கள் தங்கிப் படிக்கும் நாடுகளில் ஒன்று. உலகிலேயே அதிக யானைகள் உள்ள நாடு. ஒரு லட்சத்து முப்பதாயிரம் வரை இருக்கும் என்பது கணக்கு. 2014-ல் அங்கே வேட்டைக்குத் தடை வந்தது, 2019-ல் நீக்கப்பட்டது. தடை நீங்கியபோது வெளிநாட்டு விலங்கு ஆர்வலர்கள் கொதித்தார்கள். ஒரே இரவில் சோளக்கொல்லையைப் பறிகொடுத்த விவசாயிக்கு அது வேறு கதை. இரண்டு தரப்பையும் வகுப்பறையில் பட்டிமன்றமாகப் பேசிவிடலாம், கைதட்டலும் வாங்கலாம். ஆனால் மிதிபட்ட கொல்லையின் ஓரத்தில் நின்று, அந்த விவசாயியின் கண்ணைப் பார்த்து யானையைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிப் பார்க்கிற மாணவனுக்குத்தான் அந்த வாக்கியத்தின் எடை தெரியும்.

அன்றாட வாழ்க்கை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பதுபோல் சுற்றுலா அல்ல. கையில் தூக்க முடிந்த பெட்டிதான் வீடு. மொழி தெரியாத கடையில் சோப்பு வாங்க வேண்டும். சிறிய பள்ளி என்பதால் காலையில் வகுப்பில் சண்டை போட்ட அதே முகத்தை இரவுச் சாப்பாட்டிலும் பார்த்தாக வேண்டும். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வழியில்லை. வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் தங்கி, யார் எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்று பேசித் தீர்த்துக்கொள்வதும் அங்கே படிப்புதான். ஆசிரியர்களும் இதே வாழ்க்கையைத்தான் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் நிலையான வீடு இல்லை. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பொறுப்பைக் கற்பிப்பதில் இன்னும் ஒரு படி மேலே போனது கனடாவின் 'கிளாஸ் அஃப்ளோட்'. 1984-ல் தொடங்கிய இந்தப் பள்ளி பாய்மரக் கப்பலில் நடக்கிறது. மாணவர்களே பாய் இழுக்கிறார்கள், இரவுக் காவல் நிற்கிறார்கள், தளம் கழுவுகிறார்கள். 2010 பிப்ரவரி 17 பிற்பகலில் பிரேசில் கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தொலைவில் அவர்களுடைய 'கான்கோர்டியா' கப்பல் காற்றில் சாய்ந்து கவிழ்ந்தது. மாணவர்கள் 48 பேர் உட்பட 64 பேரும் உயிர்காப்புப் படகுகளில் ஏறி, ஏறக்குறைய நாற்பது மணி நேரம் நடுக்கடலில் மிதந்தார்கள். பிறகு வணிகக் கப்பல்கள் வந்து மீட்டன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. கப்பலைக் கைவிடும் ஒத்திகையை மாணவர்கள் செய்து பழகியிருந்தது அன்று கைகொடுத்தது. அதேசமயம், கப்பலைச் செலுத்திய அதிகாரி அபாயத்தைச் சரியாக மதிப்பிட்டு நேரத்தில் செயல்படவில்லை என்று கனடாவின் விசாரணை அறிக்கை சொன்னது. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிற பள்ளி, நான்கு சுவருக்குள் நடக்கிற பள்ளியைவிடப் பல மடங்கு கவனமாக இருந்தே தீர வேண்டும்.

இந்தக் கல்வியின் உண்மையான குறை பணம். உதவித்தொகை இல்லாவிட்டால் இந்தப் பள்ளிகளின் ஆண்டுக் கட்டணம் நடுத்தரக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைத்தாலும், இடங்கள் மிகச் சில. உலகத்தைப் பார்த்து வளரும் வாய்ப்பு, ஏற்கெனவே உலகத்தைப் பார்க்க வசதியுள்ள வீடுகளுக்கே பெரும்பாலும் போய்ச் சேர்ந்தால் அது நியாயமில்லை.

தமிழ்நாடு அரசு இந்த நியாயத்தைக் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. 2022-ல் போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைத் துபாய், ஷார்ஜாவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போனது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் சில நாள் பயணத்தில் பார்க்கத்தான் முடியும், படிக்க நேரம் இருக்காது. தூரத்தைக் குறைத்து நாள்களைக் கூட்டலாம். கூடலூரில் யானை வந்து போகிற ஒரு கிராமம், நாகப்பட்டினத்தில் ஒரு மீனவர் குப்பம், சிவகாசியில் ஒரு தெரு என்று எங்காவது பத்துப் பதினைந்து மாணவர்கள் மூன்று வாரம் தங்கட்டும். அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடட்டும். கண்டதை எழுதி அந்த ஊர்க்காரர்கள் முன்பே வாசிக்கட்டும். தவறு இருந்தால் அவர்களே திருத்துவார்கள். பேருந்துக் கட்டணமும், தங்க ஓர் இடமும், கூடவே தங்க மனமுள்ள இரண்டு ஆசிரியர்களும் போதும். முதல் கட்டமாக மாவட்டத்துக்கு ஒரு பள்ளி என்று எடுத்துக்கொண்டு, வரும் கல்வியாண்டிலேயே பள்ளிக் கல்வித் துறை இதைத் தொடங்கலாம்.