கேட்பவர் சுபாவமும் சொல்பவர் சுபாவமும்

நீரிழிவு இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்துகொண்டு நம் எதிரே அமர்ந்திருப்பவருக்கு, சோற்றின் அளவு, நடைப்பயிற்சி, மாத்திரை வேளை, பாதப் பராமரிப்பு, கண் பரிசோதனை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை 7 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டிய அவசியம் என்று அத்தனை விஷயங்களையும் ஒரே மூச்சில், யாராயிருந்தாலும் ஒரே வரிசையில் சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த முறை சர்க்கரை குறையாதது கண்டு ‘சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்று கேஸ் தாளில் குறித்து வைப்பது நம் தொழிலில் வழக்கமாகிப் போயிற்று. அவர் கேட்கக்கூடிய விதத்தில் அந்தப் பேச்சு சொல்லப்பட்டதா என்ற விசாரணைக்கு அத்தாளில் இடமில்லை.

இக்குறையை உணர்ந்த அன்பர் சிலர், நோயாளிகளை ஆளுமை வகைகளாகப் பிரித்து, வகைக்கோர் அறிவுரை என்று வகுத்துக்கொள்ளலாமே என யோசனை கூறுகிறார்கள். நோக்கம் உத்தமமானது, வழியைப் பற்றித்தான் நமக்கு ஆட்சேபம். உளவியல் வகைகளைப் பற்றி 1921-ல் நூல் வெளியிட்ட கார்ல் யுங்கே, பார்த்த மாத்திரத்தில் மனிதருக்கு முத்திரை குத்துவது தம் நோக்கமன்று என்று எச்சரித்திருக்கிறார். அவர் கருத்தை ஆதாரமாகக் கொண்டு அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் அமைத்த வினாத்தாள் மனிதரை 16 வகைகளாக்கிற்று. அதையே சில வாரங்கள் கழித்து மறுபடியும் நிரப்பச் சொன்னால் வேறொரு வகையில் போய் விழுகிறவர்கள் கணிசமாக உண்டு. வகை சரியாகப் பொருந்துகிறது என்று சம்பந்தப்பட்டவரே ஒப்புக்கொள்வதும் அத்தாட்சியாகாது. 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர் 39 பேரிடம், அவரவருக்கென்றே எழுதியதுபோல ஒரு குணவிவரணத்தைக் கொடுத்து, பொருத்தத்துக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடச் சொன்னபோது சராசரி 4-க்கு மேல் வந்தது. எல்லோருக்கும் கொடுக்கப்பட்டதோ ஒரே வாசகம், அதுவும் ஜோதிடப் புத்தகமொன்றிலிருந்து பெரும்பாலும் எடுக்கப்பட்டது.

ஆயினும், மனிதருக்கு மனிதர் சுபாவ பேதம் உண்டென்பதும், அது நம் அறையில் தெளிவாகப் புலப்படுகிறது என்பதும் மறுக்க முடியாதவை. ஆபத்து நேரும்போது சிலர் அதைப் பற்றிய தகவலை நாடித் தேடுகிறார்கள், சிலர் விலகி நிற்கிறார்கள் என்று 1980-களில் சூசான் மில்லர் எடுத்துக்காட்டிய வேறுபாடு நமக்கு நிரம்பப் பயன்படுவது. ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் நோட்டு, அதில் தேதிவாரியாகச் சர்க்கரை அளவு, ஏறிய நாட்களுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. “இந்த மெட்ஃபார்மின் உள்ள போய் என்ன பண்ணுது டாக்டர்?” என்கிறார். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்ற பதில் அவரை அவமதிப்பதாகும். ஈரல் தானாக உற்பத்தி செய்யும் சர்க்கரையை இந்த மாத்திரை மட்டுப்படுத்துகிறது என்று இரண்டு வாக்கியம் விளக்கினால், காரணம் தெரிந்த மனிதர் வேளை தவறுவது அரிது. அவருக்குப் பின் வரும் அம்மாளோ, சிறுநீரகம் என்ற சொல் காதில் விழுந்ததுமே முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுகிறார். அவரிடம் இன்னும் நான்கு உபாதைகளை வர்ணித்தால் பயம்தான் மிகுமேயன்றிச் சிரத்தை மிகாது. “ராத்திரி சாப்பாட்டுல ஒரு கரண்டி சோறு குறைச்சுக்கோங்கம்மா, இந்த வாரத்துக்கு அது போதும்” என்று ஒன்றைக் கொடுத்தனுப்புவதே அவருக்கு ஏற்றது. பாதத்தில் புண் கண்டால் அன்றே வரவேண்டும் என்பதை மட்டும் எவர் சுபாவத்தைக் கருதியும் ஒத்திப்போடலாகாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நாம் தவறுவதற்குக் காரணம், நோயாளியின் சுபாவத்தை அறியாமையைக் காட்டிலும் நம் சுபாவத்தை அறியாமையே என்பது நமது திடமான அபிப்பிராயம். எண்களில் நிம்மதி காண்கிற மருத்துவர் எல்லோரிடமும் எண்களாகவே பேசுகிறார். கண்டிப்பினால் தாம் முன்னேறியதாக நம்புகிறவர் கண்டிக்கிறார். மனம் நோகச் சொல்லத் தயங்குகிறவர், இன்சுலின் தொடங்கவேண்டிய செய்தியை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார். தமக்கு நோய் வந்தால் எவ்விதம் சொல்லக் கேட்க விரும்புவோமோ அவ்விதமே பிறருக்கும் சொல்வது அன்பின் இயல்பு என்று தோன்றலாம். ஆனால் எதிரே இருப்பவர் நாம் அல்லர்.

மேலும், ஒருவருக்கு இன்று பொருந்திய முறை நாளையும் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. மனிதர் நடத்தை சந்தர்ப்பத்துக்குச் சந்தர்ப்பம் எவ்வளவு மாறுகிறதென்று வால்டர் மிஷெல் 1968-ல் எழுதிய நூல் ஆளுமை சாஸ்திரத்தையே உலுக்கிற்று. விவரங்களைத் தேடித் தேடிக் கேட்ட அதே கணக்கர், உள்ளங்கால் மரத்துப்போன அன்று ஒரு கேள்வியும் கேளாமல் மௌனமாக இருக்கக்கூடும். சென்ற தடவை ‘இவர் விவரம் விரும்புபவர்’ என்று எழுதிவைத்த குறிப்பு அன்றைக்கு உதவாது.

ஆகையால் வகைப்படுத்துவதைவிடக் கேட்டறிவதே மேல். குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தைக் கொண்டு வில்லியம் மில்லர் 1983-ல் எழுதத் தொடங்கி, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவாக்கிய உரையாடல் முறையில் இதற்கு எளிய ஒழுங்கொன்று உண்டு: அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் என்ன தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் கேட்பது, அனுமதி பெற்று, வேண்டிய அளவே சொல்வது, சொன்னது அவருக்கு எப்படிப் படுகிறது என்று மீண்டும் கேட்பது. தம் சுதந்திரம் பறிபோகிறது என்று தோன்றினால் மனிதர் நல்லதையும் எதிர்த்து நிற்பர் என்று 1966-லேயே ஜாக் பிரெம் விளக்கியதை நினைவில் கொண்டால், நடுவிலுள்ள அந்த அனுமதி வெறும் உபசாரமன்று என்பது விளங்கும்.

புறநோயாளிப் பிரிவின் கூட்டத்தில் இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்று கேட்பவர்களின் சிரமத்தை நாம் அறிவோம். ஆனால் “முழு விவரமும் சொல்லட்டுமா, இல்ல இப்ப செய்ய வேண்டியதை மட்டும் சொல்லட்டுமா?” என்று கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது, உணவு ஆலோசகரும் செவிலியரும் அதையே கேட்டுக்கொண்டால், ஒரே நோயாளியிடம் மூவரும் மூன்று விதமாகப் பேசும் குழப்பமும் குறையும். இவ்வாறு கேட்டுப் பழகிய அன்பர்கள், தாம் கையாளும் கேள்விகளை அவற்றின் பேச்சு வாசகம் மாறாமல் எழுதி அனுப்பினால், பயிற்சி மருத்துவர்களின் உபயோகத்துக்காக வரும் இதழ்களில் வெளியிடுவோம்.