காலையில் 900, மாலையில் 1,000! பேங்க் கைவிரித்தால் மீட்டர் வட்டிதான் கதியா?

சென்னை: பொழுது இன்னும் விடியவில்லை. கோயம்பேடு மார்க்கெட்டில் லாரிகளில் இருந்து தக்காளிப் பெட்டிகள் இறங்குகின்றன. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். நேற்று பெய்த மழையில் வியாபாரம் படுத்துவிட்டது. சரக்கு அழுகிப்போச்சு. முதலும் போச்சு.

"அண்ணே, ஒரு ஆயிரம் வேணும்."

"இந்தா தொள்ளாயிரம். சாயந்திரம் ஆயிரமா வந்துடணும்."

அவ்வளவுதான் பேச்சு. கையெழுத்து இல்லை, ஜாமீன் இல்லை. நகரின் மார்க்கெட்டுகளில் இது புதிய காட்சியும் இல்லை. 1996-ல் காய்கறி மொத்த வியாபாரம் கொத்தவால்சாவடியை விட்டுக் கோயம்பேட்டுக்குக் குடிபோனது. மூட்டை முடிச்சோடு மீட்டர் வட்டியும் கூடவே வந்துவிட்டது.

பேங்க் ஏன் கைவிரிக்கிறது?

பேங்க்கைத் திட்டிப் பயனில்லை. அதன் நேரம் வேறு, மார்க்கெட்டின் நேரம் வேறு. சரக்கு எடுப்பது விடியற்காலை. பேங்க் திறப்பது 10 மணிக்கு. அங்கே போனால் மனு, ஜாமீன், வருமானத்துக்கு அத்தாட்சி, பழைய கடனை ஒழுங்காகக் கட்டிய கணக்கு எல்லாம் வேண்டும். வெறும் 1,000 ரூபாய்க்கு இத்தனையும் பார்த்து முடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். தக்காளி ஒரு வாரம் காத்திருக்குமா?

குமாஸ்தா வீட்டுக் கதையும் இதேதான். 20-ந் தேதிக்கே சம்பளம் கரைந்துவிடுகிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூட பீஸ் கட்ட நாளைதான் கடைசி நாள். 1-ந் தேதி பணம் வரும் என்பது நிச்சயம். நடுவில் உள்ள பத்து நாளை ஓட்டுவதுதான் பாடு.

கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது

900 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 100 ரூபாய். ஒன்பது நாள் தொடர்ந்து வாங்கினால் வட்டி மட்டுமே 900 ஆகிவிடும். வாங்கிய முதல் அளவுக்கு வட்டி கட்டியாச்சு. ஆனால் பத்தாம் நாள் காலையிலும் கையில் காலணா சொந்த முதல் கிடையாது. மறுபடியும் அதே இடத்தில், அதே ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும்.

'தண்டல்' கொஞ்சம் தேவலை என்பார்கள். 10,000 என்று எழுதிக்கொண்டு, 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "1,500 தானே" என்று தோன்றும். கடன் தினமும் குறைகிறது, முதலிலேயே பிடித்த வட்டி மட்டும் குறைவதில்லை. சரியாகக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 120 சதவீதம் வருகிறது!

இதையே அடகுக் கடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றாலும் 900 ரூபாய்க்கு மாதம் 18 ரூபாய்தான். அங்கே ஒரு மாதத்துக்கு 18. இங்கே ஒரே நாளைக்கு 100!

வேறு வழி உண்டா?

உண்டு. வீட்டில் குந்துமணித் தங்கம் இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது நகைக் கடன்தான். ரிசர்வ் வங்கி 2025-ல் கொண்டுவந்த விதிகளின்படி, இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். கடனை முழுதும் அடைத்த பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு. பேங்க்குக்கும் நிதிக் கம்பெனிக்கும்தான் இந்த விதி. தெருமுனை அடகுக் கடையில் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்து, ரசீது வாங்காமல் படி இறங்கக் கூடாது.

நடைபாதை வியாபாரிகளுக்கு 2020-ல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம் இருக்கிறது. முதல் தவணைக் கடன் 10,000 ஆக இருந்தது, 2025-ல் 15,000 ஆக்கப்பட்டது. அதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. ஜாமீன் வேண்டாம். தவணை தவறாதவருக்கு 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஆனால் மாநகராட்சியின் வியாபாரி அடையாள அட்டை அல்லது சிபாரிசுக் கடிதம் தேவை. பணமுடை வந்த பிறகு அட்டைக்கு அலைந்தால் வேலை நடக்காது. கையில் காசு இருக்கும் நாளிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

மாதச் சம்பளக்காரர்கள் ஆபீசில் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருந்தால் அதில் சேர்ந்துகொள்வது நல்லது. ஐந்தே நிமிடத்தில் பணம் என்று போனில் வரும் கடன் உஷார்! போனில் உள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்டால் அந்தப் பக்கமே போகக் கூடாது. மாட்டிக்கொண்டு மிரட்டல் வந்தால் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

சட்டம் தூங்கலாமா?

2003-லேயே கந்து வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. தின வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. மூன்று ஆண்டு வரை ஜெயில், 30,000 ரூபாய் வரை அபராதம். அப்படியும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில், கந்து வட்டிக் கொடுமை என்று புகார் சொல்லி வந்த தம்பதி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீயில் கருகிப்போனார்கள். நாடே பதறியது.

புகார் கொடுக்க ஜனங்கள் தயங்குவதற்குக் காரணம் பயம் மட்டும் அல்ல. இன்று புகார் கொடுத்தால் நாளை விடியற்காலை 900 ரூபாயை யார் கொடுப்பார்கள்? இதற்குப் பதில் இல்லாத வரை சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

அதனால் தப்பிக்கும் வழி இப்போதைக்கு அவரவர் கையில். ஒரு கம்மலை ஒரே ஒரு தடவை அடகு வைத்து முதலைத் தேற்றிக்கொள்ளலாம். பிறகு மீட்டர் வட்டிக்குப் போன அதே 100 ரூபாயைத் தினமும் சாயந்திரம் தனியாக எடுத்து வைத்தால் போதும். பத்தாம் நாள் கம்மலும் வீடு திரும்பும். பதினோராம் நாளில் இருந்து அந்த நூறு ரூபாய் வண்டிக்காரருக்கே சொந்தம்.