ஸ்டுடியோவுக்குள் வெள்ளம்: ஜவ்வாது மலைக்கு அது பொருந்துமா? கேம் இன்ஜின் செய்வது என்ன?

செய்தி வாசிப்பவரின் காலடியில் தண்ணீர் ஏறுகிறது. முழங்கால், இடுப்பு, கடைசியில் தலைக்கு மேல். ஆனால் ஸ்டுடியோ தரை காய்ந்தேதான் கிடக்கிறது. இந்த வித்தைக்குப் பின்னால் இருப்பது 'கேம் இன்ஜின்'. அதாவது, வீடியோ கேம்களை உருவாக்கும் அதே சாஃப்ட்வேர்.

சினிமா கிராபிக்ஸில் ஒரே ஒரு ஃப்ரேமை உருவாக்க மணிக்கணக்கில் ஆகலாம். லைவ் செய்திக்கு அந்த நேரம் ஏது? நம்ம ஊர் டிவியில் நொடிக்கு 25 ஃப்ரேம்கள். ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 40 மில்லி செகண்ட்தான். விளையாடுபவர் திரும்பும் பக்கமெல்லாம் காட்சியை உடனுக்குடன் வரைவது கேம் இன்ஜினுக்குப் பழகிய வேலை. இங்கே விளையாடுபவருக்குப் பதில் ஸ்டுடியோ கேமரா, அவ்வளவுதான். கேமரா எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை சென்சார் சொல்லும். அதே கோணத்தில் இன்ஜின் வெள்ளத்தை வரையும். பச்சைத் திரை முன் நிற்பவரை அதற்குள் பொருத்திவிடுவார்கள்.

2018 செப்டம்பரில் ஃப்ளோரன்ஸ் புயல் நெருங்கியபோது, அமெரிக்காவின் 'தி வெதர் சேனல்' அன்ரியல் இன்ஜினை வைத்து 3 அடி, 6 அடி, 9 அடி தண்ணீர் எப்படி இருக்கும் என்று காட்டியது. '9 அடி' என்று வாயால் சொன்னால் பலருக்கு உறைக்காது. பார்த்தால் உறைக்கும். அந்தக் காட்சிக்கு அடியில், கடல்நீர் எவ்வளவு உயரும் என்ற வானிலைக் கணிப்பும் இருந்தது. முக்கியமான விஷயமே அதுதான்.

ஜவ்வாது மலையில் என்ன சிக்கல்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது, ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அதே மழை ஜமுனாமரத்தூர் பக்கம் பெய்தால் என்ன ஆகும்? செய்யாறு பிறக்கும் மலை இது. அடிவாரத்தில் குப்பநத்தம், செண்பகத்தோப்பு அணைகள் இருக்கின்றன. நியாயமான கேள்விதான்.

இதை ஒரு சேனல் காட்ட நினைத்தால் மலையின் உருவம் சுலபமாகக் கிடைத்துவிடும். இஸ்ரோவின் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் எடுத்த நில உயரத் தரவு 'புவன்' தளத்தில் இலவசம். ஆனால் அது 30 மீட்டருக்கு ஒரு உயரம் என்ற கணக்கில் இருக்கும். சுமார் 80 கி.மீ. நீளமுள்ள மலையை வரைய அது தாராளமாகப் போதும். ஒரு மலை ஓடைக்குப் போதாது. ஓடை, தரைப்பாலம், கரையோர வீடு மூன்றுமே சில இடங்களில் ஒரே கட்டத்துக்குள், ஒரே உயரத்தில் அடங்கிவிடும்.

அப்புறம் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்பதை யார் முடிவு செய்வது? பெரும்பாலும் கிராபிக்ஸ் ஆர்ட்டிஸ்ட்தான். காட்சியில் தண்ணீர் பளபளக்கும், நுரை தள்ளும். ஆனால் எத்தனை செ.மீ. மழைக்கு எந்தப் பாலம் மூழ்கும் என்பது இன்ஜினுக்குத் தெரியாது. அதற்கு மழைமானி வேண்டும், ஓடையில் நீர்மட்ட அளவீடு வேண்டும், நீரியல் கணக்கு வேண்டும். அவை இல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் மேலே போட்டால் அது முன்னெச்சரிக்கை ஆகாது, வெறும் அலங்காரம்.

மலையில் பல சிற்றூர்களில் சிக்னல் கிடைப்பதே சிரமம். வெளியூருக்கு வேலைக்குப் போனவர், தன் ஊர் மூழ்குவதுபோல ஒரு கிளிப்பை மொபைலில் பார்த்தால், வீட்டுக்கு போன் போட்டு உடனே கேட்கவும் முடியாது.

இது வீண் பயம் இல்லை. 'ஆர்மா 3' கேம் காட்சிகள் நிஜப் போர் வீடியோ என்று உலகம் முழுக்கப் பரவின. சில டிவி சேனல்களே ஏமாந்து ஒளிபரப்பின. கடைசியில் 2022 நவம்பரில் கேமை உருவாக்கிய நிறுவனமே விளக்கம் தர வேண்டியதாயிற்று. இந்த சாஃப்ட்வேர் பெரிய சேனல்களிடம் மட்டும் இருப்பதும் இல்லை. 2024 ஏப்ரல் முதல், கேம் அல்லாத வேலைக்கு அன்ரியல் இன்ஜினைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கு ஒரு நபருக்கு ஆண்டுக்கு 1,850 டாலர் கட்டணம். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டாதவர்களுக்கு இலவசம். யூடியூப் சேனல் நடத்தும் யாரும் வெள்ளத்தை வரவழைக்கலாம்.

பொறுப்பான சேனல்கள் மூலையில் 'சித்தரிப்பு' என்று போடுகின்றன. டிவி திரையில் அது கண்ணில் படும். கிளிப்பை வெட்டி ரீல்ஸாகப் போடும்போது முதலில் காணாமல் போவதும் அந்த மூலைதான்.