மீட்டருக்கு முகதாட்சண்யம் கிடையாது!

மின்சாரத்தைச் சிக்கனம் செய்யுங்கள் என்று உபதேசிக்காத சர்க்கார் உலகத்தில் இல்லை. நல்ல உபதேசந்தான். ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. செலவான மின்சாரத்தை மீட்டர் காட்டும். செலவாகாமல் மிஞ்சியதை எந்த மீட்டர் காட்டும்? சிக்கனத் திட்டம் போடுகிறவர்கள், “இத்தனை யூனிட் மிச்சம்” என்று காகிதத்தில் எழுதிவிடுகிறார்கள். அது ஏட்டுச் சுரைக்காயா, கறிக்கு உதவுகிற சுரைக்காயா என்று அறுத்துப் பார்ப்பவர்கள் சிலரே.

அப்படி அறுத்துப் பார்த்த ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ஆரெகன் ராஜ்யத்தில், கொலம்பியா நதிக்கரையில் உள்ள ஹூட் ரிவர். பேரிக்காய்த் தோட்டங்களுக்குப் பெயர் போன இடம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க அங்கே பல குடும்பங்கள் மின்சாரத்தையே நம்பியிருந்தன. அந்த நதியின் அணைகளில் பிறக்கும் மின்சாரத்தை விற்கும் சர்க்கார் ஸ்தாபனம், பான்வில் மின் நிர்வாகம். 1980-களின் நடுவில் அது சுமார் 2 கோடி டாலர் செலவில் ஒரு பரீட்சை நடத்தியது. உள்ளூர் மின்சாரக் கம்பெனி வேலையை ஏற்றுக்கொண்டது.

என்ன வேலை தெரியுமா? பிளாஸ்க்கில் ஊற்றிய காப்பி ஆறாமல் இருக்கிறதே, ஏறக்குறைய வீட்டையே அப்படி ஆக்குகிற வேலை! கூரையிலும் சுவரிலும் தரைக்கு அடியிலும் பஞ்சு போன்ற பொருளை அடைத்தார்கள்; ஜன்னலுக்குக் கூடுதல் கண்ணாடி போட்டார்கள்; கதவிடுக்குகளை மூடினார்கள். செலவு அநேகமாக முழுவதும் ஸ்தாபனத்துடையது. தகுதியுள்ள வீடுகளில் நூற்றுக்கு 85 வீடுகள், அதாவது சுமார் 3,000 வீடுகள், சேர்ந்துவிட்டன.

வீட்டுக்கு வருஷத்துக்குச் சுமார் 6,200 யூனிட் மிச்சமாகும் என்று நிபுணர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். பிறகு மீட்டரைப் பார்த்தால் கிடைத்தது சுமார் 2,600 யூனிட்!

ஏன் இப்படி? கட்டணம் ஏறியிருந்ததால் வீட்டுக்காரர்கள் ஏற்கனவே விழித்துக்கொண்டு விட்டார்கள். பலர் அடுப்பில் விறகைப் போட்டுக் குளிர் காய்ந்தார்கள். எரியாத மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது? காகிதக் கணக்கில் அந்த விறகுக்கு இடமில்லாமல் போயிற்று. ஆனாலும் அந்தப் பரீட்சைக்காரர்களைப் பாராட்ட வேண்டும். முன்னும் பின்னும் அளந்தார்கள். குறைந்த எண்ணையும் ஒளிக்காமல் ஊரறியச் சொன்னார்கள்.

குறை எப்போதும் கணக்கில் மட்டும் இருப்பதில்லை, கையிலும் இருக்கும். ஏழைகளின் வீடுகளை இப்படிச் செப்பனிடுவதற்கென்று 1976-லிருந்து அமெரிக்காவில் ஒரு சர்க்கார் திட்டம் நடக்கிறது. 2009-ல், வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது, அதற்கு ஏறக்குறைய 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஏழைக்குச் சிக்கனம், தொழிலாளிக்கு வேலை — ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

மாங்காய் விழுந்ததா? இல்லினாய் ராஜ்யத்தில் ஆராய்ச்சியாளர்கள் அந்தத் திட்டத்தின் வீடுகளை எடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த மிச்சத்தில் பாதிதான், நூற்றுக்கு 51 பங்குதான், கிடைத்திருந்தது. விட்டுப்போன மிச்சத்தில் நூற்றுக்கு 41 பங்கு வரை, கணக்குப் போட்ட முறையின் கோளாறு. “வீடு கதகதப்பாகி விட்டதே” என்று ஜனங்கள் தாராளமாகச் செலவழித்ததால் வந்தது 6 பங்குதான். வேலைத்திறத்தின் ஏற்றத்தாழ்வோ 43 பங்கு வரை! பஞ்சு அதே பஞ்சு. சுவரும் அதே மாதிரிச் சுவர். ஒரு கோஷ்டி மூலை முடுக்கெல்லாம் அடைத்தது. இன்னொன்று கண்ணுக்குத் தெரிந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டது. பிளாஸ்க்கின் மூடி சரியாக உட்காராவிட்டால், கண்ணாடி எவ்வளவு உசத்தியாக இருந்து என்ன பிரயோஜனம்?

இதற்குப் பரிகாரமும் அங்கேயே தேடினார்கள். வாசலில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தினால் வீட்டில் எவ்வளவு காற்று கசிகிறது என்று அளந்துவிடலாம். கசிவை நன்றாகக் குறைத்தவர்களுக்குப் போனஸ் என்று அறிவித்துப் பார்த்தார்கள். வேலை மேம்பட்டது, கொடுத்த போனஸைப் போலப் பல மடங்கு நன்மையும் கிடைத்தது.

ஆகையால், சிக்கனத் திட்டங்களே வீண் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 2,600 யூனிட் ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகையல்ல. ஆனால் 6,200 என்று நம்பி, கட்ட வேண்டிய மின் நிலையத்தைக் கட்டாமல் விட்டால், பின்னால் இருட்டில் உட்காரப் போவது பொதுஜனந்தான். “இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்தோம், இத்தனை ஆயிரம் வீடுகளை முடித்தோம்” என்று எண்ணிக்கை சொல்வது சுலபம். அந்தத் தொழிலாளிக்குக் கைத்தொழில் படிந்ததா, அந்த ஏழையின் பில் இறங்கிற்றா என்பதல்லவா கேள்வி?

இனி யாராவது கோடிக்கணக்கில் மிச்சம் பிடித்துவிட்டதாகப் புள்ளிவிவரம் வாசித்தால், மரியாதையாக ஒன்று கேளுங்கள்: “வேலை முடிந்த பிறகு அளந்தீர்களா, ஐயா?”